உப்புக்காற்றில் கட்டுகிறவருக்கு ஓராண்டுப் பாடம்: இராமநாதபுரம் கரைக்குப் புதிதாக வந்த சிவில் பொறியாளருக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை என்று கரையோரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆன வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் வழியே நூல் பிடித்தாற்போல் ஒரு விரிசல், அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கறை, சில இடங்களில் அடிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும். அந்த வீட்டின் வரைபடத்தில் ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார். கியூப் டெஸ்ட் (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) எடுத்திருந்தால் அதுவும் பாஸ் ஆகியிருக்கும்.

டிப்ளமோ, பி.இ. பாடத்தில் கான்கிரீட்டின் வலிமையைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அது எத்தனை வருடம் தாங்கும் என்பது ஓரிரண்டு வகுப்பில் முடிந்துவிடுகிறது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்தால் அந்தக் குறை சீக்கிரம் வெளியே தெரியாது. இங்கே பத்து வருடத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே பட்டம் வாங்கியபின் என்ன படிப்பது என்று கேட்கிறவருக்கு இந்தக் கரையில் விடை ஒன்றுதான்: முதலில் உப்பைப் படியுங்கள். மென்பொருள் சான்றிதழெல்லாம் அதற்குப் பிறகு.

உரிமம் என்ன கேட்கிறது

தமிழ்நாட்டில் வரைபடம் சமர்ப்பிக்கவும் கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்கவும், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று பதிவு தனித்தனி. உங்கள் பதிவு எந்த வகை, எதில் கையெழுத்திடலாம் என்பதை விதியின் இணைப்பில் ஒருமுறை வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள். சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பதிவை வைத்துக்கொண்டு ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்குக் கையெழுத்துப் போடுவது இங்கே சகஜமாக நடக்கும் தவறு.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, அதிகாரி வரைபடத்தை முன்கூட்டிச் சரிபார்க்காமலே இணையத்தில் அனுமதி கிடைத்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் முன்பு தவறைப் பிடிக்க இருந்த ஒரு ஜோடிக் கண் இப்போது இல்லை.

அமெரிக்காவில் உரிமத்தைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டெக்சாஸில் பொறியாளருக்கு ஆண்டுக்கு 15 மணி, புளோரிடாவில் இரண்டு ஆண்டுக்கு 18 மணி. நம் நாட்டில் கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொறியாளருக்கு அப்படி நாடு தழுவிய உரிமச் சட்டமே கிடையாது. யாரும் மணி எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்பதால், எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது என்பதை நீங்களேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதம்: ஒரே ஒரு புத்தகம்

ஐஎஸ் 456:2000, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நெறி. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடையில் நகலெடுத்த பழைய பிரதி வேண்டாம். திருத்தங்கள் அதில் இருக்காது. முழுவதையும் படிக்க உட்கார்ந்தால் பாதியில் மூடிவிடுவீர்கள். இந்த வரிசையில் போங்கள்: 5.4 (தண்ணீர்), 8 (நீடித்துழைப்பு), 26.4 (கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன்), 13.5 (கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது), 15, 16 (மாதிரியும் ஏற்பும்). மொத்தம் பதினைந்து பக்கம் கூட வராது. ஒரு வாரத்துக்கு ஓரிரண்டு பிரிவு போதும்.

8ஆம் பிரிவில் உள்ள மூன்றாம் அட்டவணைதான் இந்தக் கரையின் வரைபடம். கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட் ‘கடுமை’. கடல்நீர்த் தெறிப்பு படும் பரப்பு ‘மிகக் கடுமை’. அலை ஏறி இறங்கும் மட்டத்தில் இருப்பது ‘அதீதம்’. கடலோரத்தில் இருந்தாலும் உப்புக்காற்று நேரே படாமல் மறைந்திருக்கும் பரப்பு ‘மிதம்’. இதை ஐந்தாம் அட்டவணையோடும் பதினாறாம் அட்டவணையோடும் சேர்த்துப் பார்த்தால் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம்):

மிதம்: எம்25, கவர் 30 மி.மீ., நீர்-சிமெண்ட் விகிதம் 0.50க்குள்.
கடுமை: எம்30, 45 மி.மீ., 0.45, கனமீட்டருக்குச் சிமெண்ட் குறைந்தது 320 கிலோ.
மிகக் கடுமை: எம்35, 50 மி.மீ., 0.45, 340 கிலோ.
அதீதம்: எம்40, 75 மி.மீ., 0.40, 360 கிலோ.

ஊரில் வழங்கும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை எம்20. அளவு சொல்லிப் போடும் கலவைக்கு ஐஎஸ் 456 அனுமதிக்கும் உச்சமே எம்20தான். எம்30 என்றால் ஐஎஸ் 10262:2019படி மிக்ஸ் டிசைன் செய்து, சோதனைக் கலவை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ‘ஒரு மூட்டை கூடப் போட்டுக்கலாம் சார்’ என்று மேஸ்திரி சொன்னால் எம்20 எம்30 ஆகிவிடாது. தண்ணீரும் சேர்ந்து கூடுவதால் சுருக்க விரிசல்தான் கூடும்.

தண்ணீரையும் மணலையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருந்து கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது இதுதான்) லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000. அதாவது நல்ல தண்ணீர் 37 பங்கில் கடல்நீர் ஒரு பங்கு கலந்தாலே வரம்பைத் தொட்டுவிடுகிறது. கோடையில் கிணறும் போரும் உப்பேறும் ஊரில் இது அதிக தூரமில்லை. வாய்க்கு ‘கொஞ்சம் சப்பு’ என்று படும் தண்ணீரே வரம்பை மீறியிருக்கலாம்.

மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கருவி) ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது குளோரைடை அளக்காது. ஆனால் கரைந்திருக்கும் மொத்த உப்பே 500க்குக் கீழ் என்றால் குளோரைடு அதற்கு மேல் இருக்க வழியில்லை, கவலையில்லாமல் போடலாம். 500க்கு மேல் போனால் ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் பாட்டில் அனுப்பிவிடுங்கள். மே மாதம் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து டிசம்பரில் வேலை செய்யாதீர்கள்; டிசம்பரில் எடுத்ததை வைத்து மே மாதம் செய்யவே செய்யாதீர்கள். லாரித் தண்ணீர் வந்தால் லாரிக்கு லாரி மீட்டரை வைத்துப் பாருங்கள், எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தது என்று டிரைவர் சொல்வது தினமும் மாறும்.

எல்லாரும் தண்ணீரையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கணக்குப் போட்டால் வில்லன் வேறு. கனமீட்டர் கான்கிரீட்டில் 180 லிட்டர் தண்ணீர், அதில் குளோரைடு வரம்பளவு 500 என்றே வைத்துக்கொண்டாலும் உள்ளே போவது 90 கிராம். அதே கனமீட்டரில் மணல் சுமார் 700 கிலோ. அந்த மணலில் 0.1 சதவீதம் குளோரைடு இருந்தால் 700 கிராம். கம்பி போட்ட கான்கிரீட்டில் எல்லா வழியிலும் சேர்ந்து அனுமதி 600 கிராம்தான். ஒரு லோடு கடற்கரை மணல், சுத்தமான தண்ணீரில் கலந்தாலும் கம்பியைத் தின்றுவிடும். மணலுக்கும் குளோரைடு ரிப்போர்ட் கேளுங்கள். எம்-சாண்ட் வெளி மாவட்டத்திலிருந்து வருவதால் அதில் உப்புப் பயம் குறைவு. ஆனால் சைட்டில் கடல் மண் தரைமேல் நேராகக் கொட்டினால் அடிப்பகுதி அள்ளும்போது அதுவும் சேர்ந்து வரும். அடியில் தார்ப்பாயோ மெல்லிய கான்கிரீட் தளமோ வேண்டும்.

தண்ணீரின் அளவு இன்னொரு பாடம். 0.45 விகிதத்தில் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்தான். அதில் மணலின் ஈரமும் அடக்கம். மூட்டைக்கு 100 கிலோ மணல் போகிறது, அதில் வெளி ஈரம் 4 சதவீதம் என்றால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஊற்ற வேண்டியது 18.5 லிட்டர். மழைக்கு மறுநாள் இந்தக் கணக்கைப் போடாமல் வாளி வாளியாக ஊற்றினால், காகிதத்தில் 0.45, சைட்டில் 0.53. அந்தக் கலவை கெட்டியாக இருக்கிறது, வைப்ரேட்டர் இறங்கவில்லை என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் டேட்டா ஷீட்டில் குளோரைடு அளவையும் பாருங்கள்.

சிமெண்டில் ஒரு பொறி உண்டு. ‘உப்பு ஊர், அதனால் சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட்’ என்று கடைக்காரரே பரிந்துரைப்பார். சல்ஃபேட்டோடு குளோரைடும் சேர்ந்திருக்கும் மண்ணில் அது உகந்ததல்ல என்று ஐஎஸ் 456 சொல்கிறது. காரணம், குளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சி3ஏ என்ற சேர்மம் அந்தச் சிமெண்டில் குறைவு. பாதிக்கு மேல் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் நல்ல தேர்வு. சாம்பல் கலந்த பிபிசியும் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்து உப்பின் வேகத்தைக் குறைக்கும். இவற்றுக்குக் கியூரிங் நீளம்: சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாள், வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் 10, கலப்புச் சிமெண்ட் என்றால் அதே இடத்தில் 14. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தளம் போட்ட அன்றே மேற்பரப்பு வெடிக்கும். வேலையை மாலைக்கு மாற்றி, மட்டம் தட்டியவுடன் பாலிதீன் விரித்துவிடுங்கள். கியூரிங்குக்குப் பக்கத்துக் கடல்நீரை மோட்டார் வைத்து அடிக்கிற சைட்டும் உண்டு. கலவையில் தடுத்த உப்பை மேலிருந்து ஊற்றும் வேலை அது.

கவர்: ஓர் அங்குலத்தில் இருக்கிற டிசைன்

ஹார்டுவேர் கடையில் தளத்துக்கு என்று கேட்டால் 20 மி.மீ. கவர் பிளாக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். ஐஎஸ் 456ஐப் புதிதாகப் படித்த உற்சாகத்தில் அதை 45க்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. 125 மி.மீ. தளம், 8 மி.மீ. கம்பி என்றால் 20 கவரில் பயனுறு ஆழம் (தளத்தின் மேல்முகத்திலிருந்து கம்பியின் நடுவரை) 101 மி.மீ. 45 கவரில் அது 76 மி.மீ. அதே கம்பி, அதே தளம், தாங்கும் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். தளத்தின் தடிமனையும் கம்பியையும் திரும்பக் கணக்கிட வேண்டும். கட்டமைப்பு வேறு, நீடித்துழைப்பு வேறு என்று பிரித்துப் படித்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

எந்தப் பரப்புக்கு எந்த வகை என்பதில் நிதானம் தேவை. பூசி, பெயிண்ட் அடித்து, காற்று நேரே படாத உள்ளறைத் தளத்தின் அடியை ‘மிதம்’ என்று கொள்ளலாம். சன்ஷேட், பால்கனி, படிக்கட்டின் வெளிப்புறம், வெளித் தூண், மொட்டைமாடித் தொட்டி ஆகியவை ‘கடுமை’. கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டில் தெறிப்பு வருகிறதென்றால் ‘மிகக் கடுமை’. காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பாம்பன் தீவில் வடக்கே பெண்கடல் (பாக் விரிகுடா), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா). கச்சான் காலத்தில் தெற்கும் மேற்கும், வாடையிலும் (வடகாற்று) கொண்டலிலும் (கீழ்காற்று) வடக்கும் கிழக்கும் உப்பை வாங்கும். கடலிலிருந்து தள்ளிய ஊரில் செய்வதுபோல் ஒரு பக்கத்தை மட்டும் பாதுகாத்தால் தீவில் போதாது.

கவர் பிளாக்கை அதே கான்கிரீட்டின் தரத்தில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். ஜல்லித் துண்டு, ஓட்டுத் துண்டு வைத்தால் அந்த இடமே உப்புக்கு வாசல். கட்டுக்கம்பியின் முனையை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனைதான் ஒரே வருடத்தில் தளத்தின் அடியில் துருப்புள்ளியாக வெளிவரும்.

அடுத்த மாடிக்கென்று மொட்டைமாடியில் விட்டு வைக்கும் தூண் கம்பியை மறக்காதீர்கள். மாடி ஐந்து வருடம் கழித்தும் வராது, கம்பி அதற்குள் பாதியாகியிருக்கும், துரு கீழிறங்கித் தூணின் தலையையும் பிளக்கும். சிமெண்ட் பால் பூசி, பிறகு உடைக்கத் தோதான மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கப் பொதிந்து வைப்பது செலவு குறைந்த வழி.

இணையவழிப் பாடம்: எது, எப்படி

ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேரவும் காணொளி பார்க்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டி, நேரில் போய் எழுத வேண்டும். பருவம் ஆண்டுக்கு இரண்டு, ஜனவரியிலும் ஜூலையிலும். பாடம் 4, 8, 12 வாரங்களில் இருக்கும். வாராந்திரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தால்தான் தேர்ச்சி, இரண்டும் தனித்தனியாக வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளையும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6ஐயும் எடுத்துக்கொள்வார்கள். தளம் போடும் வாரம் ஒன்றிரண்டு தவறினாலும் மனம் விட வேண்டாம்.

முதல் பருவத்துக்கு கான்கிரீட் தொழில்நுட்பம், இரண்டாவதுக்கு கான்கிரீட் கட்டமைப்புகளின் பராமரிப்பும் பழுதுபார்ப்பும். சென்னை ஐஐடி நடத்தும் இந்த இரண்டாவது பாடம் நம் கரைக்கென்றே போட்டதுபோல் துரு, குளோரைடு, மின்வேதிச் சிகிச்சை என்று விரியும். ஒரே பருவத்தில் மூன்று பாடத்தில் பதிவு செய்கிறவர் மூன்றையும் நான்காவது வாரம் விட்டுவிடுவார். மதுரையில் காலை 9 மணித் தேர்வு என்றால், இராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர். முதல் நாளே போய்விடுவது நல்லது.

பாடம் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாள். அந்த வாரம் படித்ததில் நாளைக் காலை சைட்டில் சரிபார்க்க முடிகிற ஒன்றை எழுதுங்கள். ஒன்றுமே எழுத வராத வாரம், பாடம் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம்.

கையால் படிக்க வேண்டியது

கியூபிலிருந்து தொடங்குங்கள். 150 மி.மீ. அச்சு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. 12 கனமீட்டர் தளம் என்றால் இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 7 நாள் சோதனைக்கு வேண்டியது தனி. மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரி செல்லாது. சைட்டில் நடக்கிற ஏமாற்று தெரிந்ததே: கலவை இயந்திரத்தின் கெட்டியான முதல் சுற்றில் கியூப், தண்ணீர் கூடிய மிச்சத்தில் தளம். கியூப் தொட்டியில் 28 நாள் குளிக்கும், தளம் மூன்று நாளில் காய்ந்துவிடும். கியூப் சொல்வது கலவையின் வலிமையை. கம்பிக்கு வெளியே இருக்கும் 45 மி.மீ. தோலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தோலைப் படிக்க வேறு கருவிகள். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரைச் சென்ட்ரிங் பிரித்த மறுநாளே ஓட்டுங்கள். கம்பிகள் நெருங்கியிருந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், ஓரிடத்தில் துளையிட்டு ஒப்பிடுங்கள். பழைய கட்டடத்தில் பினாப்தலீன் 1 சதவீதக் கரைசலை, புதிதாக உடைத்து ஊதித் துடைத்த முகத்தில் தெளித்தால், நிறம் மாறாத ஆழம்வரை காற்றின் கரியமில வாயு கம்பியைக் காக்கும் காரத்தைத் தின்றிருக்கிறது. அதற்கு உள்ளே இளஞ்சிவப்பு. இங்கே புதியவர்கள் எடுக்கும் தவறான முடிவு, ‘சிவந்துவிட்டது, கம்பி பத்திரம்’ என்பது. குளோரைடு இருந்தால் காரம் குறையாத கான்கிரீட்டிலும் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே 10 மி.மீ.க்கு ஒன்றாக ஆழவாரியாகத் துளையிட்ட தூளை எடுத்து குளோரைடு பார்க்க வேண்டும். வெளியே அதிகமாகி உள்ளே குறைந்துகொண்டே போனால் உப்பு காற்றில் வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால் கலவையிலேயே வந்தது, மணலைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

கம்பியில் துரு நடக்கிறதா என்று காட்டும் அரைக்கல மின்னழுத்தச் சோதனை ஐஎஸ் 516 ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. செம்பு-செம்பு சல்ஃபேட் மின்முனையில் கழித்தல் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு; கழித்தல் 200க்கு மேல் நின்றால் நடக்காமலிருப்பதற்கு அதே வாய்ப்பு. பரப்பை நனைக்காமல் வைத்தால் எண் குதிக்கும்.

பக்கத்தில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கம்பிக்கான சிமெண்ட்-பாலிமர் பூச்சு அங்கே உருவானது. மண்டபத்தில் அதற்கு அரிப்புச் சோதனை நிலையமும் உண்டு. பயிற்சி அறிவிப்புகளைத் தளத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். பூச்சுப் போட்ட கம்பியை வளைத்தால் வளைவில் பூச்சு கீறும், கீறிய இடத்தில் துரு குவியும். வளைத்தபின் தொட்டுப் பூசும் ஆள் சைட்டில் இல்லையென்றால் அந்தக் கம்பியை வாங்காதீர்கள்.

பாம்பன் போக்குவரத்துப் பாலத்தின்மேல் நின்று கீழே பார்ப்பதும் பாடம்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில்தான், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைக் கட்டினார்கள். புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று ஒவ்வொன்றும் பழையதில் உப்பு நுழைந்த ஒரு வழியை அடைத்தது. ரிவெட் இடுக்கு, நீர் தேங்கும் மூலை என்று எங்கே அரிப்பு தொடங்குகிறது என்பதைப் பார்த்துப் பழகிய கண், வீட்டு கேட்டின் வெல்டிங்கிலும் அதையே தேடும்.

பழுதுபார்ப்பு வேலைக்குக் கைவைக்குமுன்

புதிய பொறியாளருக்கு இங்கே முதலில் வரும் வேலை பெரும்பாலும் பெயர்ந்த சன்ஷேடைப் பூசிக் கொடுப்பது. உதிர்ந்ததைத் தட்டி, சிமெண்ட் குழைத்துப் பூசி, பெயிண்ட் அடித்தால் இரண்டு மூன்று வருடத்தில் பூசின இடத்துக்குப் பக்கத்தில் பெயரும். பூச்சுக்குள் சுத்தமான கம்பி, பக்கத்தில் உப்பேறிய கான்கிரீட்டில் அதே கம்பி. இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, பக்கத்தில் இருப்பது வேகமாகக் கரையும். துருவின் பருமன் இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு என்பதால் சிலாப் தள்ளப்படுகிறது.

முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பெயர்ந்த எல்லைக்கு வெளியே, கம்பியில் துரு நிற்கும் இடம்வரை உடையுங்கள். கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. இடம் வேண்டும், பின்பக்கத் துரு அப்படியே இருந்தால் வேலை வீண். கம்பியை வெள்ளையாகும்வரை சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் கழுவி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காலிப்பரில் அளந்து எழுதுங்கள். தேய்மானம் அதிகமென்றால் கூடுதல் கம்பியைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட வேண்டும். தியாக நேர்மின்வாயாக, அதாவது கம்பிக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக, துத்தநாகம் பதிப்பது பூச்சின் ஓரத்தில் வரும் அரிப்பைத் தள்ளிப்போடும். செலவைச் சொன்னால் வீட்டுக்காரர் தயங்குவார். அடுத்த மூன்று வருடத்தில் வரப்போகும் செலவையும் அதே தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

கீழக்கரைப் பக்கம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் வந்தால் சிமெண்டை வெளியே எடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், மேலே போடும் சிமெண்ட் பூச்சு அதை அடைத்துக் கல்லையே உதிர வைக்கும். புதிய பவளக்கல் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கரைக்கு அருகில் மனை என்றால், வரைபடம் போடுமுன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பாருங்கள். 2019 அறிவிக்கையில் ஊரகப் பகுதிக்கு, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்ந்தால் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர், அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாத பகுதி. அந்தக் கோட்டை நீங்கள் டேப் பிடித்து முடிவு செய்ய முடியாது.

பதிவேடு

ஒரு நீள நோட்டுப் போதும். தேதி, படித்தது அல்லது செய்த சோதனை, எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு, சைட்டில் அதனால் மாறியது என்ன. சான்றிதழின் நகலோடு பாடத்திட்டத்தையும் மணிக்கணக்கையும் அச்செடுத்து வையுங்கள்; பின்னால் தளத்தில் அந்தப் பக்கம் இருக்காது. இந்தக் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர் அதிகம். சவூதியில் பொறியாளர் கவுன்சிலில் பதிவு இல்லாமல் பொறியாளர் பணியில் சேர முடியாது. பட்டம், மதிப்பெண், அனுபவச் சான்று எல்லாம் மூல நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்க்கப்படும். ‘ஒரே நாளில் சான்றிதழ்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை வாங்கி அதில் சேர்த்தால் உண்மையான பட்டமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். அனுபவச் சான்றில் நீங்கள் பார்த்த வேலை, பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள் நான்கும் இருக்கிறதா என்று, அந்த கான்ட்ராக்டரிடம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊரைவிட்டுப் போனபின் போன் எடுக்க மாட்டார்கள்.